ஜெருசலேம் யாரு தலைநகரம்?

கேள்வி: தடைக்காலம், போட்டெல்லாம் கரையில நிக்குது, டீக்கடையில தினமும் இதே சண்டைதாண்ணே. ஜெருசலேம் இஸ்ரேலோட தலைநகரமா இல்லையா?
- பாம்பன் வாசகர்

பதில்: இஸ்ரேலைக் கேட்டா ஆமாம்பாங்க தம்பி, அவங்க பார்லிமென்ட்டே அங்கதான இருக்கு, ஆனா பெரும்பாலான நாடுங்க ஒத்துக்கல. 1947-ல ஐ.நா. போட்ட பிளான்ல அது சர்வதேச நிர்வாகத்துல இருக்கணும்னு இருந்துச்சு, நடக்கல, 1948 போருல ஊரோட மேற்குப் பக்கம் இஸ்ரேலுக்கும் கிழக்குப் பக்கம் ஜோர்டானுக்கும் போச்சு, 1967-ல கிழக்கையும் இஸ்ரேல் பிடிச்சுருச்சு. 1980-ல முழு ஊரும் எங்க தலைநகரம்னு சட்டம் போட்டாங்க, செல்லாதுன்னுச்சு ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் (தீர்மானம் 478, சண்டையில எடுத்து விடுங்க). பாலஸ்தீனர்களோ கிழக்குதான் எங்க தலைநகரம்ங்கிறாங்க. டிரம்ப் 2018-ல அமெரிக்க எம்பஸியை அங்க மாத்துனாரு, நம்ம எம்பஸி டெல் அவிவ்லதான்.

மத விஷயம் இன்னும் சிக்கல். அங்க இருக்கிற அல் அக்ஸா மசூதி வளாகத்தைப் பாத்துக்கிறது ஜோர்டான் சார்பு வக்ஃபு, வாசல்ல நிக்கிறது இஸ்ரேல் போலீஸ். யூதருங்க அதே இடத்தைப் பழைய கோயில் இருந்த மலைன்னு கும்பிடுறாங்க, மேற்குச் சுவருகிட்ட நின்னு ஜெபிக்கிறாங்க. இயேசு கல்லறை சர்ச்சுல ஆறு சபைக்குப் பங்கு, ஆனா சாவி ஒரு முஸ்லிம் குடும்பத்துகிட்ட, திறக்கிறது இன்னொரு முஸ்லிம் குடும்பம், தலைமுறை தலைமுறையா! ஏர்வாடி தர்காவுக்கு எல்லாரும் போற நம்ம ஊருக்காரங்களுக்கு இது புரியும். புரியாதது அந்த ஏணிதான்: சர்ச் முகப்புல 200 வருஷத்துக்கு மேல ஒரு மர ஏணி கிடக்கு, சபைங்க ஒத்துப்போகாததால எடுக்க ஆளில்ல.