பஞ்சாரக் கண்ணும் காந்தப் படிகமும்

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிற என் மகள், மின்சாரமே கடத்தாத ஒரு படிகத்தில் சூடு எப்படி ஓடுகிறது என்று அளந்தால் அதன் காந்தக் குணம் தெரியும் என்கிறாள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?
- ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: மகள் சொல்வது சரிதான் அம்மா. கோழி மூடுகிற பஞ்சாரத்தைக் கிட்டத்தில் பாருங்கள். அறுகோணக் கண் விட்டுப் பின்னியதாக இருந்தால், ஒவ்வொரு கண்ணைச் சுற்றியும் சின்ன முக்கோணங்கள் இருக்கும். ஹெர்பர்ட்ஸ்மித்தைட் என்ற பச்சைக் கனிமத்தில், மூங்கில் பிளாச்சுகள் ஒன்றையொன்று தாண்டும் அந்த இடங்களில்தான் தாமிர அணுக்கள் உட்கார்ந்திருக்கின்றன. இந்த அமைப்புக்கு ஜப்பானியப் பெயர் ககோமே. அதற்கும் கூடைக்கண் என்றே அர்த்தம்.

ஒவ்வொரு தாமிர அணுவும் ஒரு குட்டிக் காந்தம், அதாவது ஸ்பின். பக்கத்து ஸ்பின் மேலே பார்த்தால் இது கீழே பார்க்க வேண்டும். இரண்டு பேர் என்றால் பிரச்சினையில்லை, மூன்றாவது ஆள் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருவரோடு ஒத்துப்போகாது. அதனால், தனிச்சுழிக்கு (அதற்குக் கீழே குளிர்விக்கவே முடியாத எல்லை) மேல் ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்கு வரை குளிர்வித்தும் இந்த ஸ்பின்கள் வரிசையில் நிற்கவில்லை. உறையாத தண்ணீர் மாதிரி, ஸ்பின்கள் எந்த வரிசையிலும் உறையாத இந்த நிலையை ஸ்பின் திரவம் என்று சந்தேகிக்கிறார்கள்.

சரி, சூடு எங்கே வருகிறது? இப்படிப்பட்ட படிகத்தில் சூட்டைச் சுமப்பவை அணுக்களின் அதிர்வும் ஸ்பின்களின் அசைவும்தான். கடுங்குளிரில் அதிர்வின் பங்கு மளமளவென்று குறைந்துவிடும், ஸ்பின்கள் தடையில்லாமல் ஓடினால் அவற்றின் பங்கு மெதுவாகவே குறையும், ஆகவே கடைசியில் அதுதான் மிஞ்சும். காந்தமாக்கலை மட்டும் அளந்தால், ஹெர்பர்ட்ஸ்மித்தைட்டில் இருக்கிற துத்தநாகத்தின் இடத்தில் தப்பி வந்து உட்கார்ந்த தாமிரமும் கணக்கில் சேர்ந்து குழப்பும். தனித்து நிற்கிற அந்த ஸ்பின்கள் சூட்டை எங்கும் கொண்டுபோவதில்லை. இந்த அளவீடு எனக்குப் பிடிப்பதே இதனால்தான். படிகத்தின் ஒரு முனையைக் குளிர்பகுதியில் ஒட்டி, மறுமுனையில் ஹீட்டர், நடுவில் இரண்டு தெர்மாமீட்டர், அவ்வளவுதான் கருவி.

ஆனால் முடிவு அவ்வளவு சுலபமில்லை. முக்கோண அமைப்புள்ள ஒரு கரிம உப்பில் அப்படி மிஞ்சும் பங்கைப் பார்த்ததாக 2010இல் ஜப்பானியக் குழு எழுதியது, 2019இல் சீனாவிலும் கனடாவிலும் அதே உப்பை அளந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. ஒரே ஒரு படிகத்தை அளந்து எதையும் நம்பிவிட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள்.

அப்புறம், வத்திராயிருப்பில் 1898இல் பிறந்து மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்த இயற்பியலாளர் கே.எஸ். கிருஷ்ணன், படிகத்தை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அது திரும்புவதை வைத்தே திசைக்குத் திசை மாறும் காந்தக் குணத்தை அளந்தவர். அவருடைய கட்டுரைகளை மகள் அவசியம் தேடிப் படிக்கட்டும். எந்தப் படிகத்தை அளக்கிறாள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.