க்ரைம் நாவல் எழுதுகிறவர்களுக்குக் கரு எங்கிருந்து கிடைக்கிறது?

கேள்வி கேட்டவர் கீழே இரண்டு வரி சேர்த்திருக்கிறார்: "நாலு மாசமா தினமும் ராத்திரி உட்கார்றேன், ஒண்ணும் தோணல. எழுத்தாளர்களுக்கு மட்டும் எப்படித் தோணுது?" எனக்கு முன்னால் பதில் சொன்ன ஒருவர், "வெளிநாட்டுப் படம் நாலு பாருங்க, ஊரையும் பேரையும் மாத்துங்க, தமிழ்ல எல்லாரும் அதைத்தான் பண்ணாங்க" என்று எழுதியிருக்கிறார். அதற்கு அத்தனை பேர் ஆமாம் போட்டிருக்கிறார்கள். அதைப் படித்த பிறகு பேசாமல் போக மனசு வரவில்லை.

1996லிருந்து 2009 வரை நான் மாத நாவல்கள் 14 எழுதியிருக்கிறேன். எல்லாம் க்ரைம். ஒன்றைக்கூட எந்தப் படத்தைப் பார்த்தும் எழுதவில்லை. போடிநாயக்கனூரில் ஒரு மருந்துக் கடையில் ராத்திரி ஒன்பதரை வரை நின்றுவிட்டு, வீட்டுக்குப் போய் உலை வைத்தவள் நான். படம் பார்க்க எனக்கு நேரம் இருந்ததில்லை. மற்றவர்கள் எப்படி எழுதினார்கள் என்று நான் சாட்சி சொல்ல முடியாது. என் விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் வேலைக்குப் போகிறவர் என்று நினைக்கிறேன். பகல் முழுக்க ஓர் இடத்தில் இருந்துவிட்டு, ராத்திரி அதையெல்லாம் கழற்றி வைத்துவிட்டுக் கதை தேடுகிறீர்கள். அங்கேதான் தப்பு என்று எனக்குப் படுகிறது. கரு பகலில் உங்கள் கையில் இருக்கிறது. என் கைக்கு அது எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

எங்கள் கடைக்கு மாதம் பிறந்தால் ஒருவர் வருவார். மில் வேலையிலிருந்து நின்றவர். அம்மாவின் டாக்டர் சீட்டை பிளாஸ்டிக் கவரில் மடித்து வைத்திருப்பார். அதில் இதயத்துக்கான ஒரு மாத்திரை உண்டு. மிளகைவிடக் கொஞ்சம்தான் பெரிசாக இருக்கும். தேவையான அளவுக்கும் விஷமாகிற அளவுக்கும் நடுவே இடைவெளி ரொம்பக் குறைவு. அதனால் நம் ஊர் டாக்டர்கள் பலர் அதை வாரம் ஐந்து நாள் கொடுத்து, சனி ஞாயிறு நிறுத்தச் சொல்வார்கள். (மருந்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நாவலிலும் எழுதவில்லை. "கொலைக்கு வழி சொல்லித் தர்றீங்களா" என்று கேட்க யாராவது வருவார்கள் என்று தெரியும்.) வாரம் ஐந்து என்றால் மாதத்துக்கு 22. இரண்டு அட்டை முழுசாக, மூன்றாவது அட்டையில் இரண்டு மாத்திரையைக் கத்தரியால் வெட்டிக் கொடுப்பேன். மாதாமாதம் அதே 22.

ஒரு மாதம் மூன்று அட்டையும் முழுசாகக் கேட்டார்.

"என்னண்ணே, டாக்டர் மாத்தி எழுதிட்டாரா?"

"இல்லம்மா, தீந்துபோச்சுன்னு அம்மா சொல்றாங்க. கூடவே குடு."

கொடுத்தேன். அடுத்த மாதமும் 30. கூட்டம் அதிகமான நேரம் அது. சாயங்காலம் மலையிலிருந்து ஜீப்புகள் இறங்கும். ஏலத்தோட்டத்தில் நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்த பெண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வலி மாத்திரைக்கும் தைலத்துக்கும் நிற்பார்கள். அந்த நெரிசலில் யாரும் எட்டு மாத்திரையைக் கணக்குப் பார்க்க மாட்டார்கள். நானும் அன்று பார்க்கவில்லை. ராத்திரி மாடியில் படுத்திருக்கும்போதுதான் உறைத்தது. மாதம் எட்டு மாத்திரை, வாரத்துக்கு இரண்டு. அது சனியும் ஞாயிறும்.

மூன்றாவது மாதம் அவர் வந்ததும், "அம்மாவ ஒரு தடவை கூட்டிட்டு வாங்கண்ணே" என்றேன். மறுநாள் ஆட்டோவில் கூட்டி வந்தார். எழுபதைத் தாண்டிய பாட்டி. ஸ்டூலில் உட்கார வைத்து, "ஆத்தா, சனி ஞாயிறு மாத்திரை போடக் கூடாதுல்ல, போடுறீங்களா?" என்று கேட்டேன்.

"எது சனி, எது ஞாயிறுன்னு எனக்கு எப்படித் தாயி தெரியும்? முந்தி பேரன் வீட்ல இருந்தான். அவன் பள்ளிக்கூடம் போகாம வீட்ல கெடந்தா அன்னைக்கு மாத்திரை இல்லைன்னு தெரியும். இப்ப அவனை ஆஸ்டல்ல சேத்துட்டாங்க."

அப்புறம் தானாகவே சொன்னார்: சோறு பிடிக்கவில்லை, குமட்டுகிறது, பல்பு எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது. அந்த மஞ்சள் என்ன என்று டிப்ளமோ படிக்கும்போதே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அப்படியே அதே ஆட்டோவில் டாக்டரிடம் அனுப்பிவைத்தேன். பாட்டி பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஏழு குழி உள்ள டப்பாவில் மகன் மாத்திரையைப் போட்டு வைக்க ஆரம்பித்தார், இரண்டு குழியைக் காலியாக விட்டு.

என் மூன்றாவது நாவலின் கரு இதுதான். ஒரு கிழவிக்குப் பேரன்தான் காலண்டர் என்பதை நான் எங்கேயும் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்திருக்க முடியாது. அந்தக் காலண்டரை ஒருவன் வேண்டுமென்றே கலைத்தால் என்ன ஆகும் என்ற கேள்விதான் என்னுடையது. கண் மங்கிய ஒரு பெரியவர், சொத்துக்குக் காத்திருக்கும் தங்கை மகன். அவன் மாத்திரையைத் தொடவே மாட்டான். தினம் காலையில் தேதி கிழிப்பவன் அவன்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, "மாமா, இன்னைக்குத் திங்கள், நான் வேலைக்குக் கிளம்புறேன்" என்பான். போலீஸ் வந்து பார்த்தால் மருந்து சரி, சீட்டு சரி, அளவு சரி. அவன் கைவைத்தது கிழமையில் மட்டும்தான்.

பாட்டியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். நோயாளியின் கதையை விற்றுவிட்டாள் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது. ஆணாக மாற்றினேன், ஊரை மாற்றினேன், வீட்டை மாற்றினேன். பாட்டி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "கதையில என்னைக் கொன்னுறாத தாயி." அதனால் அந்தப் பெரியவர் சாகவில்லை. பதிப்பகத்தார் முதல் அத்தியாயத்திலேயே பிணம் விழ வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். அதற்காக இரண்டு வருஷம் முன்னால் அதே வீட்டில் நடந்த வேறொரு சாவை முன்னால் கொண்டுவந்தேன். இன்றைக்கும் அந்த முதல் அத்தியாயம் எனக்கு ஒட்டவில்லை. ஆனால் பாட்டிக்குக் கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட்டது.

"நீ மருந்துக் கடையில் இருந்தாய், அதனால் கிடைத்தது" என்பீர்கள். ஆமாம், அதைத்தான் சொல்கிறேன். அகதா கிறிஸ்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் எங்கள் தொழில்தான். முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தின் டார்கீ ஊர் மருத்துவமனையில் முதலில் நர்ஸாகவும் பிறகு மருந்து கலக்கும் அறையிலும் வேலை பார்த்தார். 1917ல் அதற்கான தேர்வும் எழுதித் தேறினார். 1920ல் வெளியான அவருடைய முதல் நாவலின் முடிச்சே, மருந்துப் பாட்டிலின் அடியில் என்ன படியும் என்று தெரிந்த ஒருவருக்குத்தான் தோன்றும். (முழுசாகச் சொன்னால் படிக்காதவர்களுக்குக் கதை கெட்டுவிடும்.) போருக்குத் தப்பி அந்த ஊரில் தங்கியிருந்த பெல்ஜிய அகதிகளைப் பார்த்துத்தான் தன் துப்பறிவாளரைப் பெல்ஜியராக வைத்தார்.

என் மனசில் நிற்பது அவர் சுயசரிதையில் எழுதிய இன்னொன்று. பயிற்சிக்காக ஊரில் ஒரு மருந்துக் கடைக்காரரிடம் போகிறார். ஊரே மதிக்கும் மனுஷர். ஒருநாள் அவர் மருந்து கலக்கும்போது தசமப் புள்ளியைத் தப்பாக வைத்துவிடுகிறார். அளவு பத்து மடங்கு ஆகிவிட்டது. பயிற்சிக்கு வந்த பெண் அதை முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? கால் இடறியதுபோல் நடித்து, செய்துவைத்த மருந்தைத் தட்டோடு கீழே தள்ளி, நன்றாக மிதித்தும் விடுகிறார் அகதா. அதே மனுஷர் சட்டைப் பையில் க்யூராரே என்ற விஷக் கட்டியை எப்போதும் வைத்திருப்பாராம். ஏன் என்று கேட்டதற்கு, அது கையில் இருந்தால் தனக்கு ஒரு சக்தி இருப்பதுபோல் தோன்றும் என்றாராம். நாற்பது வருஷத்துக்கும் மேல் அந்த மனுஷர் அவர் மனசில் கிடந்து, 1961ல் வந்த 'தி பேல் ஹார்ஸ்' நாவலுக்கு உதவியிருக்கிறார். கரு நாலு மாதத்தில் வரவில்லையே என்று வருத்தப்படுகிறவர் அந்த நாற்பது வருஷத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

க்ரைம் நாவல் கொலை செய்யக் கற்றுக்கொடுக்கிறது என்கிறவர்களுக்கும் அந்த நாவலே பதில். 1977ல் கத்தாரிலிருந்து லண்டனுக்குக் கொண்டுவந்த ஒரு குழந்தைக்கு என்ன நோய் என்று டாக்டர்களுக்குப் பிடிபடவில்லை. அங்கிருந்த நர்ஸ் அந்த நேரத்தில் படித்துக்கொண்டிருந்தது 'தி பேல் ஹார்ஸ்'. கதையில் வரும் தாலியம் விஷத்தின் அறிகுறிகள் குழந்தையிடம் இருப்பதைக் கவனித்துச் சொன்னார். பரிசோதித்தால் அதுதான். குழந்தை பிழைத்தது. மாத நாவல் என்றதும் உதட்டைச் சுழிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

மருந்துக் கடையில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கல்கி 1950ல் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியபோது ஆதித்த கரிகாலன் கொலைக்கு அவர் கையில் இருந்தது என்ன? செப்பேடுகளும் கல்வெட்டுகளும். காட்டுமன்னார்கோயிலில் இருக்கும் உடையார்குடிக் கல்வெட்டில் கொலைக் கதை இல்லை. கொன்ற துரோகிகளான ரவிதாசன் முதலியவர்களும் அவர்கள் உறவினர்களும் வைத்திருந்த நிலம் என்ன ஆயிற்று என்ற சொத்துக் கணக்கு அது. இன்றைக்குத் தாலுகா ஆபீசில் கிடக்கும் கோப்பு மாதிரி ஒன்று. அதில் பெயர் இருக்கிறது, காரணம் இல்லை. காரணம் இல்லாத அந்த இடத்தில்தான் ஐந்து பாகம் எழுத இடம் கிடைத்தது. என் எட்டு மாத்திரையும் அதே மாதிரிதான். கணக்கு தெரிந்தது, காரணம் தெரியவில்லை.

இங்கே சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அந்தப் பாட்டி பிழைத்ததற்குக் காரணம், கவுண்டரில் படித்த ஆள் ஒருத்தி நின்றதுதான். 1948ஆம் வருஷத்துச் சட்டப்படி, பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் மருந்து கொடுக்க வேண்டும். நடப்பது என்ன? பல கடைகளில் சுவரில் சர்டிபிகேட் மட்டும் தொங்குகிறது. அதற்கு உரியவர் வேறு ஊரில் வேறு வேலை பார்க்கிறார். மாதம் ஒரு வாடகை வாங்கிக்கொள்கிறார். கவுண்டரில் நிற்பது பத்தாவது முடித்த பையன். அவனைக் குறை சொல்ல மாட்டேன், வயிற்றுப்பாட்டுக்கு நிற்கிறான். ஆனால் அவனுக்கு 22க்கும் 30க்கும் என்ன வித்தியாசம் தெரியும்? கூட எட்டு விற்றால் முதலாளி சந்தோஷப்படுவார், அவ்வளவுதான். டிப்ளமோ முடித்துவிட்டு, "அக்கா, சர்டிபிகேட் குடுத்தா எவ்வளவு கிடைக்கும்?" என்று என்னிடமே கேட்டு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டு வருஷம் படித்து, அதற்கு மேல் 500 மணி நேரம் பயிற்சியும் எடுத்தது ஒரு பேப்பரை வாடகைக்கு விடவா? நீங்கள் யாராக இருந்தாலும், அடுத்த முறை மருந்து வாங்கும்போது சுவரில் இருக்கும் போட்டோவையும் எதிரில் நிற்கும் முகத்தையும் ஒரு தடவை பாருங்கள். அட்டையை வெட்டிக் கொடுத்தால் காலாவதித் தேதி இருக்கிற பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் வங்கியில் இருந்தால், ஒரே கையெழுத்து ஒருநாள் மட்டும் ஏன் சாய்ந்திருக்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும். மின்வாரியத்தில் இருந்தால், பூட்டிக் கிடக்கும் வீட்டில் மீட்டர் ஓடுவது உங்கள் கண்ணில்தான் படும். அதைப் பார்த்த நிமிஷத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். ராத்திரி வரை நிற்காது. நான் குறித்து வைப்பது மாத்திரை டப்பாவின் உள்பக்கத்தில். பிரித்து விரித்தால் வெள்ளையாக இருக்கும், பேனா நன்றாக ஓடும். தேதியும் பார்த்ததும் மட்டும் எழுதுவேன். கதையாக எழுத மாட்டேன். அன்றைக்கே கதையாக்கினால் நமக்குத் தெரிந்த பழைய கதையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவோம், யாரோ ஒரு மருமகள் கெட்டவளாகிவிடுவாள். அந்த மாத்திரைக் கணக்கில் முதலில் நானும் மருமகளைத்தான் சந்தேகப்பட்டேன். உண்மை அதைவிடப் பெரிசாக இருந்தது. குறிப்பு ஊறட்டும். எனக்கு அந்த மாத்திரை நாவலாவதற்கு ஒன்றரை வருஷம் ஆனது. தேதி கிழிக்கும் காலண்டர் அதற்குள் வந்து சேர்ந்ததே ஒரு வருஷம் கழித்து, எங்கள் கடைக் காலண்டரில் மூன்று நாள் கிழிக்காமல் கிடந்ததைப் பார்த்த அன்றைக்குத்தான்.

2009க்குப் பிறகு நாவல் எழுதவில்லை. ஆனால் குறிப்பு எழுதுவதை நிறுத்தவில்லை. ஒரு பிஸ்கட் டின் நிறைந்து இரண்டாவது டின் ஓடுகிறது. நேற்று சாயங்காலம் எழுதியது இது: காலாவதியான மாத்திரையைக் கொடுத்துவிட்டோம் என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். பில் எங்கள் கடையுடையதுதான், போன வாரத்துப் பில். மருந்தின் பெயரும் சரி. பில்லில் இருக்கும் பேட்ச் எண் (ஒரே தடவையில் தயாரான மாத்திரைகளுக்குப் போடும் எண்) வேறு, அவர் கொண்டுவந்த அட்டையில் இருக்கும் பேட்ச் எண் வேறு. அதைக் காட்டியதும் சண்டையை விட்டுவிட்டு, பில்லை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அட்டை இன்னும் கவுண்டரில்தான் இருக்கிறது.