ரேடியம் ஊசி போட்ட தாத்தா பேரனைத் தூக்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 70. புராஸ்டேட் புற்றுநோய் எலும்புகளுக்குப் பரவிவிட்டது. ஹார்மோன் சிகிச்சைக்கு நோய் கட்டுப்படாததால் ரேடியம்-223 ஊசி போடச் சொல்கிறார்கள். இயற்பியல் படிக்கும் என் மகளோ, "அது ஆல்ஃபா துகளை மட்டுமல்ல, கார்பன் அணுக்கருவையே உமிழும்" என்கிறாள். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. பயமாக இருக்கிறது, டாக்டர்.

பதில்: பயப்படாதீர்கள். அப்பா பேரனைத் தாராளமாகத் தூக்கிக் கொஞ்சலாம்.

உங்கள் மகள் சொல்வது உண்மை. ரேடியம் சிதையும்போது வழக்கமாக உமிழ்வது ஆல்ஃபா துகளை, அதாவது ஹீலியம் அணுக்கருவை; மிக அரிதாகக் கார்பன் அணுக்கருவையும் உமிழும். 1984-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ரோஸ், ஜோன்ஸ் ஆகிய இரு இயற்பியலாளர்களும் ஓர் அணுக்கரு கார்பன்-14-ஐ உமிழ்வதை முதன்முதலில் கண்டது இதே ரேடியம்-223-இல்தான். மாதக்கணக்கில் காத்திருந்து அவர்கள் எண்ணியவை 11 நிகழ்வுகள். ஏறத்தாழ நூறு கோடி ஆல்ஃபா சிதைவுகளுக்கு ஒன்று, அவ்வளவு அரிது. அப்பாவின் எடை 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 55 கிலோபெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) வீதம் போட்டால், ஓர் ஊசியில் சுமார் 4.7 லட்சம் கோடி ரேடியம் அணுக்கள் இருக்கும். அவற்றில் கார்பனை உமிழப்போவது நாலாயிரம் அளவில்தான். அதுவும் ஒரே நாளில் அல்ல. ரேடியம்-223-இன் அரை ஆயுள், அதாவது அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம், 11.4 நாள். கார்பன் அணுக்கரு ஆல்ஃபாவைவிடக் கனமானது என்பதால் இன்னும் குறைந்த தூரத்திலேயே நின்றுவிடும். உடலைத் தாண்டி வெளியே வராது.

வேலை செய்வது ஆல்ஃபாதான். ரேடியம் கால்சியத்தின் இனம் என்பதால் எலும்பு அதைக் கால்சியம்போலவே ஏற்றுக்கொள்ளும். புற்று பரவி எலும்பு வேகமாக உருவாகும் இடங்களில் போய்ப் படிந்து, ஈயமாக மாறி அடங்குவதற்குள் நான்கு ஆல்ஃபா துகள்களை வெளியிடுகிறது. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தூரம்கூடப் போகாது. அதற்குள் எதிர்ப்படும் புற்றுச் செல்லின் டி.என்.ஏ. இழைகள் இரண்டையும் அறுத்துவிடும். எலும்பு மஜ்ஜையின் பெரும்பகுதி தப்பிவிடுகிறது.

இது நோயை முழுதாகக் குணப்படுத்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2013-இல் வெளியான பெரிய ஆய்வில் நோயாளிகளின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) ரேடியம் பெறாதவர்களுக்கு 11.3 மாதமாகவும் பெற்றவர்களுக்கு 14.9 மாதமாகவும் இருந்தது. எலும்பு முறிவு போன்ற தொல்லைகளும் தள்ளிப்போயின. இந்த நிலையில் அது சிறிய லாபம் அல்ல என்பதே என் கருத்து.

நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது கழிப்பறையை. மருந்து பெரும்பாலும் மலத்தில்தான் வெளியேறும். ஒவ்வோர் ஊசிக்குப் பிறகும் ஒரு வாரம் அப்பா உட்கார்ந்தே சிறுநீர் கழிக்கட்டும். இரண்டு முறை தண்ணீர் ஊற்றி, சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். அழுக்கான துணிகளைக் கையுறை அணிந்து தனியாகத் துவையுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் உடம்பில் நீர் வற்ற விடாதீர்கள்.

நான்கு வாரத்துக்கு ஒன்றாக மொத்தம் ஆறு ஊசிகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்தே தீர வேண்டும். அப்பா அபிராடெரோன் (ஆண் ஹார்மோன் உற்பத்தியைத் தடுக்கும் மருந்து) மாத்திரை சாப்பிடுகிறாரா? இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது எலும்பு முறிவுகள் கூடின. ஆகவே முதல் ஊசிக்கு முன்பே மாத்திரைச் சீட்டுகள் அனைத்தையும் எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள்; எலும்பை வலுப்படுத்தும் மருந்து தேவையா என்றும் கேளுங்கள்.