மார்வினுக்குக் கருத்து இல்லை

அன்புள்ள ஐயா,

வணக்கம். சென்ற வாரம் நண்பர்கள் இருவரும் என் தங்கையும் நானுமாகச் சேர்ந்து ‘பல்ப் ஃபிக்‌ஷன்’ பார்த்தோம். 1994இல் வந்த படம், இந்நேரம் பழசாகியிருக்கும் என்று நினைத்தே உட்கார்ந்தேன். படம் முடிந்த பிறகு நள்ளிரவு வரை வாதம் ஓயவில்லை. ஒரு நண்பருக்கு இது தலைசிறந்த படம். கதையை முன்னும் பின்னுமாகக் கலைத்துச் சொன்ன ஒன்றே அதற்குப் போதும் என்கிறார். மற்றவரோ, நேராகச் சொல்லியிருந்தால் இந்தக் கதையை ஒருவரும் சீந்தியிருக்க மாட்டார்கள், சீட்டுக்கட்டைக் குலுக்கிக் கொடுப்பதெல்லாம் மேதைமையா என்று கேட்கிறார். கொலைக்குப் போகிறவர்கள் வழியெல்லாம் ஹாம்பர்கரைப் பற்றிப் பேசிக்கொண்டு போவது வெறும் நேரங்கடத்தல் என்பதும் அவர் கட்சி. நிலவறையில் ஆட்களைக் கட்டிவைத்து வதைக்கும் காட்சியில் எழுந்துபோன தங்கை திரும்பி வரவே இல்லை.

என் சிக்கல் வேறு. காரின் பின்னிருக்கையில் உட்கார்ந்திருக்கும் இளைஞனின் தலை சிதறும் இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இரவு படுத்த பிறகு படத்தைவிட என் சிரிப்புதான் அதிகம் நினைவுக்கு வந்தது. ஒரு மனிதன் சாவதைக் காட்டிச் சிரிக்கவைக்கும் படம் நல்ல படமாக இருக்க முடியுமா? அல்லது கோளாறு என்னிடமா? கேள்வி அசட்டுத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

உங்கள் இரண்டாவது நண்பரின் கூற்றைச் சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அவர் கேட்டபடியே கதையை நேராக அடுக்கிவிடுவோம். வின்சென்ட், ஜூல்ஸ் என்ற இரண்டு அடியாட்கள் ஒரு காலையில் தங்கள் தலைவனின் பெட்டியை மீட்கப் போய், அங்கிருந்தவர்களைக் கொல்கிறார்கள். குளியலறைக்குள் ஒளிந்திருந்த ஒருவன் பாய்ந்து வந்து, கைக்கெட்டும் தூரத்தில் நின்று சுட்டும் ஒரு குண்டுகூட அவர்கள்மேல் படவில்லை. திரும்பும் வழியில் காரில், நீங்கள் சொன்ன அந்த இளைஞன் மார்வின் சாகிறான், காரைக் கழுவுகிறார்கள், சிற்றுண்டிச் சாலையில் சாப்பிட உட்காரும்போது அங்கே கொள்ளை நடக்கிறது. குண்டுகள் படாமல் போனதை இறைவனின் செயல் என்று நம்பிவிட்ட ஜூல்ஸ், கொள்ளையடிக்க வந்த இணையை உயிரோடு அனுப்பிவிட்டுத் தொழிலைவிட்டு விலகுகிறான். அது தற்செயல் என்று வாதாடிய வின்சென்ட் தொழிலில் தொடர்கிறான். பின்னொரு நாள் குத்துச்சண்டை வீரன் புட்சின் கையால் சாகிறான். புட்ச் காதலியோடு மோட்டார் சைக்கிளில் ஊரைவிட்டுப் போவதோடு கதை முடிகிறது.

இந்த அடுக்கில் ஜூல்ஸின் முடிவு கதையின் முன்பாதியிலேயே வந்து போய்விடும். அதன் பிறகு அவனுக்குக் கதையில் வேலை இல்லை. கடைசியில் நாம் புட்சைத்தான் நினைத்துக்கொண்டிருப்போம், ஜூல்ஸை மறந்திருப்போம். வின்சென்டின் சாவும் ஓர் அடியாள் கடைசியில் அடையும் வழக்கமான முடிவாகவே நம் கண்ணில் படும்.

படத்தில் நடப்பது என்ன? வின்சென்ட் நட்டநடுவில் சாகிறான். புட்ச் தன் வீட்டுக்குத் திருட்டுத்தனமாக வந்து, ரொட்டி சுடும் கருவிக்குள் தின்பண்டத்தைச் செருகுகிறான்; சமையல் மேடையில் ஒரு துப்பாக்கி கிடக்கிறது; கழிவறையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கிறது. அவனைக் கொல்லக் காத்திருந்த வின்சென்ட், கதவைத் திறந்துகொண்டு கையில் புத்தகத்தோடு வெளியே வருகிறான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நிற்க, கருவியிலிருந்து தின்பண்டம் டப்பென்று மேலே எழும்புகிறது. அந்தச் சத்தத்தில் புட்சின் விரல் அழுந்திவிடுகிறது. ஒரு நாயக நடிகரின் சாவு இவ்வளவு அற்பமாக முடிந்துபோகிறது. (அவன் கழிவறைக்குப் போகும் மூன்று முறையும் வெளியே ஏதோ ஒரு விபரீதம் நடந்துவிடுகிறது என்பதை அடுத்த முறை கவனியுங்கள்.)

அதே வின்சென்ட் படத்தின் இறுதியில் சிற்றுண்டிச் சாலையில் காலை உணவைச் சாப்பிட்டுக்கொண்டு, ஜூல்ஸின் மனமாற்றத்தைக் கேலிசெய்கிறான். அவன் சாவை நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். அவனுக்கு அது தெரியாது. ஜூல்ஸ் எடுத்த முடிவு எவ்வளவு பெரியது என்பதை அந்த மேசையில் இருக்கும் இருவரும் அறியார்கள், பார்வையாளர் மட்டுமே அறிவார். காலவரிசையைக் கலைக்காமல் இந்த அறிவை நமக்குத் தருவதற்கு எனக்குத் தெரிந்து வேறு வழியில்லை. எனவே வரிசையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சாதாரணக் கதை என்ற உங்கள் நண்பரின் பேச்சை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். அவர் அதைக் குற்றமாகச் சொல்கிறார், எனக்கு அதுவே படத்தின் பொருளாகப் படுகிறது.

முடிவை முன்பே சொல்லிவிட்டுக் கதை நடத்துவது நமக்குப் புதிதும் அன்று. சிலப்பதிகாரத்தின் பதிகத்திலேயே கோவலன் கொலையுண்ட செய்தி வந்துவிடுகிறது. புகாரில் அவனும் கண்ணகியும் இல்லறம் தொடங்கும் மங்கல வாழ்த்துப் பாடலை நாம் அந்த அறிவோடுதான் படிக்கிறோம்.

முதல் நண்பருக்கும் ஒரு சொல். ஜூல்ஸ் சுடுவதற்கு முன் ஓதும் விவிலிய வசனத்தை அவர் மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர் என்று ஊகிக்கிறேன். இந்தப் படத்தை விரும்பும் பலரும் அதைச் செய்கிறார்கள். எசேக்கியேல் 25:17 என்று ஜூல்ஸ் சொன்னாலும் அதன் பெரும்பகுதி விவிலியத்தில் இல்லை. இறுதி வரிகள் மட்டுமே மூலத்தை ஒட்டியவை. அது கிடக்கட்டும். கடைசிக் காட்சியில் அதே வசனத்தை மீண்டும் ஓதிவிட்டு ஜூல்ஸ் என்ன சொல்கிறான்? பல ஆண்டுகளாக இதைச் சொல்லி வந்தாலும் பொருளை யோசித்ததே இல்லை, சுடுமுன் சொல்லக் கெத்தாக இருந்தது, அவ்வளவுதான் என்கிறான். பிறகு ஒவ்வொரு சொல்லாக எடுத்து, இதில் நல்லவன் யார், கொடியவன் யார், நான் யார் என்று தடுமாறித் தடுமாறிப் பொருள் தேடுகிறான். பஞ்ச் வசனத்தைச் சொன்னவனே அதை மேசைமேல் பிரித்துப்போட்டு ஆராய்வதை நான் வேறு எந்தக் குற்றப்படத்திலும் பார்த்த நினைவில்லை. முதல் பாதியின் வசனத்தை மட்டும் மனப்பாடம் செய்கிறவர்கள், அவன் கைவிட்ட ஒன்றை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள்.

இனி, அந்தப் பேச்சுகள். பாரிஸில் ஹாம்பர்கருக்கு என்ன பெயர் என்பதில் தொடங்கி, தலைவனின் மனைவிக்குக் கால் பிடித்துவிட்டதற்காக ஒருவனை மாடியிலிருந்து தூக்கி எறிந்தார்களாமே என்ற வம்பு வரை அது நீள்கிறது. கொல்ல வேண்டிய வீட்டின் கதவருகே வந்ததும் ஜூல்ஸ் மணி என்ன என்று கேட்கிறான். இன்னும் நேரம் ஆகவில்லை. இருவரும் தாழ்வாரத்தின் மறுகோடிக்கு நடந்துபோய் விட்ட இடத்திலிருந்து வாதத்தைத் தொடர்கிறார்கள். கேமரா அவர்களோடு போகாமல் கதவருகிலேயே நின்று தூரத்திலிருந்து பார்க்கிறது. நமக்குக் கதவின் நினைவு போகக் கூடாது என்பதற்காக அது அங்கே நிற்கிறது. அவர்களுக்கோ அது அலுவலகத்துக்குச் சற்று முன்னதாக வந்துவிட்டவர்களின் ஓய்வு நேரம். அந்த வம்பும் வீண்போவதில்லை. அதே மனைவியை மறுநாள் இரவு வெளியே அழைத்துப்போகும் பொறுப்பு வின்சென்டின் தலையில் விழும்போது, மாடியிலிருந்து விழுந்தவனின் கதை அந்த இரவு முழுவதும் நம்மோடு உட்கார்ந்திருக்கிறது.

நான் இந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை நினைத்துக்கொள்வேன். கோவலன் அருகில் நிற்கிறான். காவலர்கள், இவனைப் பார்த்தால் கொல்லத்தக்கவனாகத் தெரியவில்லை என்கிறார்கள். பொற்கொல்லன் சிரித்துவிட்டு, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வருக்குத் துணையாகும் எட்டையும் விரிவாக எடுத்துரைக்கிறான். உறங்கிய இளவரசனின் ஆரத்தைக் கவர்ந்த கள்வன் ஒருவனின் கதையைச் சொல்கிறான். இளம் வீரன் ஒருவன், மழை பெய்த இருளில் நீல ஆடை உடுத்தி வந்த கள்வன் தன் கைவாளையே பறித்துக்கொண்டு மறைந்த அனுபவத்தைச் சொல்கிறான். தொழில் சார்ந்த அரட்டை இது. கேட்கச் சுவையாகவும் இருக்கிறது. அது முடிவதற்குள் கல்லாக் களிமகன் ஒருவன் வாளை எறிந்துவிடுகிறான். கொலை இரண்டே அடிகளில் முடிந்துபோகிறது. இளங்கோவுக்கு அந்த அரட்டை ஏன் தேவைப்பட்டதோ, இப்படத்தின் இயக்குநர் டாரன்டினோவுக்கும் ஏறக்குறைய அதற்காகவே தேவைப்பட்டிருக்கிறது. சாகப்போகிறவனுக்கு அது வாழ்வின் கடைசிக் கணம், கொல்கிறவர்களுக்கு அன்றாட வேலைநேரம் என்பதை விளக்கவுரை இல்லாமல் காட்டவேண்டியிருக்கிறது. படத்தின் எல்லாப் பேச்சும் இத்தரத்தில் இல்லை. விடுதி அறையில் புட்சும் காதலியும் குழைந்து பேசும் பகுதி ஒவ்வொரு முறையும் எனக்கு அலுப்பூட்டுகிறது.

வன்முறைக்கு வருகிறேன். 154 நிமிடம் ஓடும் இப்படத்தில் நாம் கண்ணால் காணும் சாவுகள் பத்தைத் தொடவில்லை. ஒரே சண்டையில் நாயகன் முப்பது பேரை வீழ்த்தும் படங்களைக் குடும்பத்தோடு பார்த்துவிட்டு வருகிறவர்கள் இதைத் தாங்கமுடியாத வன்முறை என்கிறார்கள் என்றால், எண்ணிக்கை அதற்குக் காரணமாக இருக்க முடியாது. போதைமருந்தால் மயங்கிவிழுந்த தலைவனின் மனைவியைப் பிழைக்கவைக்க மார்பில் ஊசி இறக்கும் காட்சியில் பலரும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். ஆனால் ஊசி சதைக்குள் புகும் கணம் திரையில் இல்லவே இல்லை. மார்பில் சிவப்பு மையால் வைத்த புள்ளியும் சுற்றியிருப்பவர்களின் முகங்களும்தான் காட்டப்படுகின்றன.

மார்வினின் சாவு இதற்கு நேர்மாறானது. வின்சென்ட் முன்னிருக்கையிலிருந்து திரும்பி, குண்டுகள் படாமல் போனதைப் பற்றி அவன் என்ன நினைக்கிறான் என்று கேட்கிறான். தனக்குக் கருத்து எதுவும் இல்லை என்கிறான் மார்வின். ஏதாவது ஒரு கருத்து இருந்தாகவேண்டுமே என்று வின்சென்ட் பேசிக்கொண்டிருக்கும்போதே, கையிலிருந்த துப்பாக்கி தவறுதலாக வெடித்துவிடுகிறது. வாக்கியம் பாதியில் அறுபட்டு, நொடியில் கண்ணாடியெல்லாம் சிவப்பாகிறது. திடுக்கிட்டவர் கத்துவதற்குப் பதிலாகச் சிரித்துவிடுவது உடலின் இயல்பு. அதற்காக நீங்கள் உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. அடுத்து வருவதையும் கணக்கில் கொள்ளுங்கள். பெரும்பாலான தாதா படங்களில் பிணம் விழுந்ததும் காட்சி மாறிவிடும். இங்கே ஒரு தோட்டாவின் விளைவைக் கழுவி முடிக்க ஓர் அத்தியாயமே ஆகிறது. காரை ஒளித்துவைத்த வீட்டுக்காரர், ஜூல்ஸின் நண்பர் ஜிம்மி; அவர் மனைவி இரவுப்பணி முடிந்து வீடு திரும்புவதற்குள் எல்லாம் முடியவேண்டும். முணுமுணுத்துக்கொண்டே இருக்கையில் சிதறிய எலும்புத் துண்டுகளை ஜூல்ஸ் விரலால் பொறுக்குகிறான். குளியலறையின் வெள்ளைத் துண்டை இரத்தக்கறையாக்கிவிட்டான் என்று வின்சென்டைத் திட்டுகிறான்.

ஆனால் உங்களை உறங்கவிடாத கேள்வியில் நியாயம் இருக்கிறது. இந்த ஓரிடத்தில் நான் படத்துக்கு எதிர்த்தரப்பில் நிற்கிறேன். துண்டுக்காகக் கவலைப்படும் அந்த வீட்டில் மார்வினுக்காக ஒருவரும் ஒரு நொடி வருந்துவதில்லை. அந்த அடியாட்களின் கல்மனத்தைக் காட்டுகிறது என்று சமாதானம் சொல்லலாம். படமும் அவர்களோடு சேர்ந்து அவனை மறந்துவிடுகிறதே, அதற்கு என்ன சொல்வது? போதாததற்கு, அந்தக் கறுப்பின இளைஞனின் உடலைக் குறித்து வீட்டுக்காரர் ஜிம்மி இனவெறி இழிசொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்; அது நகைச்சுவையாகவும் வைக்கப்பட்டிருக்கிறது. அந்த வேடத்தில் நடித்திருப்பவர் இயக்குநரே. அவ்வாண்டு கான் திரைப்பட விழாவின் தங்கப்பனை விருதும், பின்னர் திரைக்கதைக்கான ஆஸ்கரும் பெற்ற படம்தான் இது. அந்தத் திரைக்கதையின் மிக மலிவான பக்கங்கள் இவை என்று நான் நினைக்கிறேன்.

உங்கள் தங்கையை மீண்டும் உட்காரச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். நிலவறைக் காட்சி பலரை எழுப்பி அனுப்பியிருக்கிறது. எழுந்துபோவதும் ஒரு விமர்சனம்தான். ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லுங்கள். காலவரிசைப்படி பார்த்தால் அவர் எழுந்த இடத்தில் கதை முடிய இன்னும் சில நிமிடங்களே பாக்கி. வின்சென்ட் செத்தாயிற்று, புட்ச் சற்று நேரத்தில் ஊரைவிட்டுப் போய்விடுவான். கடைசிவரை பார்த்துவிட்ட அவர் தவறவிட்டது, முன்பு ஒரு காலையில் நடந்ததை. ஜூல்ஸ் துப்பாக்கியை மேசைமேல் நீட்டிப் பிடித்தபடி, சுடாமல், கொள்ளையனிடம் பேசிக்கொண்டே இருப்பதை அவர் பார்க்கவில்லை. அவரைப் பொறுத்தவரை ஜூல்ஸ் இன்னமும் வசனம் ஓதிவிட்டுச் சுடுகிறவன்தான்.