வீடு வாங்கியவருக்குத் தரகர் பரிசு தர வேண்டுமா?

காட்பாடியில் தரகு செய்யும் நீங்கள், பத்திரப்பதிவு முடிந்ததும் வாங்கியவருக்குப் பரிசு தர வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயமில்லை. மனமிருந்தால் கிரகப்பிரவேசத்தன்று ஒரு குத்துவிளக்கோடு நேரில் போய் வாருங்கள், போதும்.

ஆனால் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம், அதற்குமேல் உங்கள் கமிஷன் என்று கொடுத்துக் கையிருப்பு கரைந்து நிற்பவருக்குத் தேவை வேறு. பட்டா மாற்றம், வேலூர் மாநகராட்சியில் சொத்துவரிப் பெயர்மாற்றம், மின் இணைப்புப் பெயர்மாற்றம் ஆகியவற்றைக் கூடவே இருந்து முடித்துக்கொடுங்கள். ஓய்வூதியத் தொகையில் வீடு வாங்கிய பெரியவர்கள் இதற்காகத் தனியே அலைவதைப் பார்க்க மனம் பொறுப்பதில்லை. வில்லங்கச் சான்றிதழில் சிக்கல் தெரிந்தால் முன்பணம் கைமாறும் முன்பே சொல்லுங்கள்; அதை மறைத்துவிட்டு விளக்கு கொடுப்பது அநியாயம். பரிசுச் செலவைக் கமிஷனிலும் ஏற்றாதீர்கள்.