அப்பா ஆதாமை விடமாட்டேன் என்கிறார்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு 44 வயது. திருநெல்வேலியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்துகிறேன். நாலு தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், வயது 74. இரண்டு வருடம் முன்பு அம்மா தவறியதிலிருந்து எங்களோடுதான் இருக்கிறார்.

அம்மா இருந்தவரை, வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமம் எங்கள் வீட்டில் ஒரு பிரச்சினையே இல்லை. சபைப் போதகரான ஐயர் ஆறு நாள் சிருஷ்டிப்பைப் பிரசங்கித்தாலும் அப்பா தலையாட்டுவார், நான் டார்வினைப் பற்றிச் சொன்னாலும் ஆர்வமாகக் கேட்பார். இப்போது ராத்திரி பகலாக யூடியூபில் ஒரு பிரசங்கியார். பூமிக்கு 6,000 வயதுதான், டைனோசரும் மனிதனும் ஒன்றாக வாழ்ந்தார்கள், பாறைக்கு வயது சொல்வதெல்லாம் கட்டுக்கதை. இதையெல்லாம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவார். நானும் விடாமல் பதில் போடுவேன். போன மாதம் அரியலூர்ப் பக்கம் கிடைத்த அம்மோனைட் (அழிந்துபோன, சுருள் ஓடு கொண்ட கடல் உயிரி) புதைபடிவத்தின் படத்தைப் போட்டு, "இது எந்த 6,000 வருஷத்தில் செத்தது, சார்?" என்று கேட்டேன், ஒரு சிரிக்கும் பொம்மையோடு. தம்பி, சித்தப்பா பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். அப்பா குழுவை விட்டே போய்விட்டார்.

அன்று இரவு குடும்ப ஜெபத்தில், "பெருமையினால் கண் குருடாய்ப்போன பிள்ளைகளுக்காக" ஜெபித்தார். எழுந்துவிட்டேன். அப்புறம் பெரிய சண்டை. பூமிக்கு வயது 454 கோடி ஆண்டு, 1956-லேயே விண்கல்லில் இருக்கும் ஈயத்தை அளந்து கிட்டத்தட்ட இதைச் சொல்லிவிட்டார்கள் என்று நான் கத்த, "ஆதாம் இல்லையென்றால் உன் அம்மா கல்லறையில் எழுதியிருப்பதைச் சுரண்டிவிட்டு வா" என்று அவர் கத்தினார். "ஆதாமுக்குள் எல்லாரும் மரிக்கிறதுபோல, கிறிஸ்துவுக்குள் எல்லாரும் உயிர்ப்பிக்கப்படுவார்கள்" என்ற வசனம் அது. அவர் தேடி எடுத்துப் பொறித்ததுதான். சம்பந்தமே இல்லாமல் அம்மாவை இழுத்ததை என்னால் தாங்க முடியவில்லை. மூன்று வாரமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

என் மகள் பத்தாம் வகுப்பு. திருப்புதல் தேர்வில் பரிணாமப் பாடத்துக் கேள்வியை எழுதாமல் விட்டிருக்கிறாள். கேட்டால், "தாத்தாவுக்கு எதிரா எழுத மனசு வரலம்மா" என்கிறாள். நானும் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவள்தான். அப்பாவுக்கு எப்படிப் புரியவைப்பது?

- ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு இடத்தில் நான் உங்களோடு உடன்படவில்லை. அப்பா அம்மாவைச் சம்பந்தமில்லாமல் இழுத்தார் என்கிறீர்கள். அந்த வசனத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். முதல் பாதியில் ஆதாம் இருக்கிறார். இரண்டாம் பாதியில் உங்கள் அம்மா இருக்கிறார். மனைவியைத் திரும்பப் பார்ப்போம் என்கிற நம்பிக்கையை அப்பா அந்த ஒரு வாக்கியத்தில் கட்டி வைத்திருக்கிறார். நீங்கள் முதல் பாதியில் கை வைக்கும்போது இரண்டாம் பாதி ஆடுகிறது. நீங்கள் ஈயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள், அவர் காதில் விழுந்தது, "அம்மா இனி வரமாட்டாள்."

தேதிகளைக் கவனித்தீர்களா? அம்மா இருந்தவரை இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்த மனிதர், அம்மா போனபிறகுதான் பிரசங்கியாரிடம் போயிருக்கிறார். துக்கத்தில் இருப்பவர்களுக்குச் சந்தேகமில்லாத குரல் பெரிய ஆறுதல். 50 வருடம் பக்கத்தில் படுத்திருந்தவர் இல்லாத ராத்திரியில், எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கும் ஒருவர் யூடியூபில் பேசிக்கொண்டே இருக்கிறார். நீங்களோ சான்று கொண்டுபோகிறீர்கள். சான்று சரியானதுதான். ஆனால் அவர் கேட்கிற கேள்விக்கு அது பதில் இல்லை.

அதற்காக 6,000-க்கும் 454 கோடிக்கும் நடுவே ஒரு தொகையில் சமாதானமாகப் போகச் சொல்லவில்லை. உங்கள் அறிவியலில் ஒரு கோடியைக்கூடக் குறைக்கவேண்டாம். நான் இறையியல் படித்தவன் இல்லை. இருந்தாலும் இந்தச் சண்டையின் வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் உங்களுக்கே பதற்றம் குறையும் என்று தோன்றுகிறது. அந்த 6,000 எந்த வசனத்திலும் இல்லை. அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் வம்ச வரலாறுகளின் வயதுகளைக் கூட்டி, சிருஷ்டிப்பு கி.மு. 4004 அக்டோபரில் தொடங்கியது என்று 1650-ல் எழுதினார். பிறகு ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அந்தக் கணக்கை அச்சடிக்க ஆரம்பித்தார்கள். ஓரத்தில் இருந்தது போகப்போக வசனம் மாதிரியே ஆகிவிட்டது. 1925-ல் அமெரிக்காவின் டேட்டன் ஊரில், பரிணாமம் கற்பித்ததாக ஒரு ஆசிரியர் மேல் வழக்கு நடந்தபோது, பரிணாமத்தை எதிர்த்து வாதாடிய பிரையனே சாட்சிக் கூண்டில் ஏறி, அந்த ஆறு நாள் 24 மணி நேர நாட்களாக இருக்கவேண்டியதில்லை என்றார். நீங்கள் வகுப்பில் பட்டாணிச் செடியோடு சொல்லிக்கொடுக்கும் மெண்டல் ஒரு துறவி. பரிணாமம் இல்லாமல் உயிரியலில் எதுவும் அர்த்தப்படாது என்று 1973-ல் எழுதிய உயிரியலாளர் டோப்ஜான்ஸ்கி, அதே கட்டுரையில் தன்னைச் சிருஷ்டிப்பை நம்புகிறவன் என்றும் சொல்லிக்கொண்டார். சபையில் நீங்கள் தனி ஆள் இல்லை.

இதையெல்லாம் அப்பாவிடம் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். ஆசிரியை ஆயிற்றே, கை துறுதுறுக்கும். இது உங்களுக்காகச் சொன்னது.

அவரிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது: "அந்த வசனத்தை ஏன்ப்பா தேர்ந்தெடுத்தீங்க?" வீட்டில் வேண்டாம், ஜெப நேரத்திலும் வேண்டாம். கல்லறைத் தோட்டத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய், அங்கே வைத்துக் கேளுங்கள். அவர் சொல்வதைத் திருத்தாமல் கேட்கவேண்டும். அதுதான் கஷ்டம். உங்களுக்கும் உயிர்த்தெழுதலில் நம்பிக்கை உண்டு என்றால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். இத்தனை சண்டையில் ஒரு தடவையாவது அதை அவரிடம் சொன்னீர்களா என்று கடிதத்தில் இல்லை. மகள் விசுவாசத்தை விட்டுவிட்டாள் என்றே அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம்.

ஒரே நாளில் மாறிவிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். மாறாமலே இருக்கலாம். 6,000 என்று சொல்லிக்கொண்டே ராத்திரி நன்றாகத் தூங்கினால் அதுவே நல்ல மாற்றம். தூக்கமும் சாப்பாடும் குறைந்துகொண்டே போனால் மட்டும் மனநல மருத்துவரிடம் காட்டத் தயங்கவேண்டாம். இந்த வயதில் மனச்சோர்வு சில சமயம் கோபமாகவும் வெளியே வரும்.

உங்கள் மகள் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க இடமில்லை. பாட்டி போனபிறகு தாத்தாவைத் தாங்கவேண்டிய பாரத்தை அந்தக் குழந்தை தன் தலையில் ஏற்றிக்கொண்டிருக்கிறது. தேர்வில் பதில் எழுதுவது தாத்தாவுக்கு எதிராகச் சாட்சி சொல்வது ஆகாது என்று அவளுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். அதைவிட, தாத்தாவே சொன்னால் உடனே கேட்பாள். அவரும் தலைமை ஆசிரியராக இருந்தவர். "உங்களால ஒரு பிள்ளை கேள்வியை விட்டுட்டு வருது" என்று மட்டும் சொல்லுங்கள், பரிணாமம் என்ற வார்த்தையே தேவையில்லை. மதிப்பெண் போகிறது என்றால் எந்தத் தலைமை ஆசிரியரும் சும்மா இருக்கமாட்டார்.

அப்புறம், மன்னிப்பு. அம்மோனைட்டுக்காகக் கேட்கவேண்டாம், அது செத்து பல கோடி வருடம் ஆகிவிட்டது. அந்தச் சிரிக்கும் பொம்மைக்காகக் கேளுங்கள். நேரில் ஒரு தடவை, குழுவில் ஒரு தடவை. சிரித்தவர்கள் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள்.