சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பா எங்கே போவார்?

அன்புள்ள அண்ணா,

நாங்கள் தண்டையார்பேட்டை. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடியை விட்டு ஒன்பது வருஷம் ஆனது. போன மாதம் மறுபடி ஆரம்பித்துவிட்டார். வீட்டில் சண்டை இல்லை, கடன் இல்லை, தம்பிக்கு இப்போதுதான் கல்யாணம் முடிந்தது. எல்லாம் நன்றாக இருக்கும்போது ஏன்? ஒன்பது வருஷமும் வீணாப் போச்சே என்று என் மகன் எதிரிலேயே கேட்டுவிட்டேன். பதிலே இல்லை. இது பரம்பரை வியாதியா? மறுவாழ்வு மையத்தில் சேர்க்கலாமா? தம்பி மாமியார் வீட்டுக்குச் சொல்ல வேண்டுமா?

எம்.

அன்புள்ள எம்.,

பரம்பரைக்கும் பங்கு உண்டு. அதைத் தெரிந்து இன்றைக்கு என்ன செய்யப் போகிறீர்கள்? விடுங்கள். மையமா வீடா என்பதை மருத்துவர் சொல்லட்டும். ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்தில்தானே, மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். ஒன்று மட்டும்: தினமும் குடிக்கிறார் என்றால் அறையில் பூட்டி ஒரேயடியாக நிறுத்த வைக்காதீர்கள். கை நடுக்கத்தோடு போகாது, வலிப்பு வரலாம், உயிரே போகலாம்.

'எல்லாம் நன்றாக இருக்கும்போது ஏன்' என்பது கொஞ்ச நாளாக எனக்குள்ளும் ஓடுகிற கேள்வி. என் சித்தப்பா பின்னி மில் தொழிலாளி, எண்பதுகளிலேயே குடியை விட்டவர். 1996-ல் மில்லை மூடியபோது இனி இவர் பழைய ஆளாகிவிடுவார் என்று தெருவே காத்திருந்தது. ஆகவில்லை. சங்கம், வக்கீல், கிடைத்த கூலி வேலை என்று அலைந்தார். நிலுவைப் பணம் வந்தது, மகளைக் கட்டிக்கொடுத்தார், கூரையை மாற்றினார். எல்லாம் முடிந்து, விசேஷம் ஒன்றும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை குடித்துவிட்டு வந்தார். கஷ்டத்தில் இருப்பவன் தன்னைத் தானே காவல் காக்கிறான். கஷ்டம் தீர்ந்தால் காவலும் வீட்டுக்குப் போய்விடும். இத்தனை வருஷம் இருந்தாச்சு, ஒரு கட்டிங்கில் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடுகிற ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்குப் போவது அதற்கு ரொம்ப முன்பே நின்றிருக்கும்.

உங்கள் கடிதத்தில் தம்பி கல்யாணம் அரை வரியில் போய்விட்டது. புது மருமகள் வந்த வீட்டில் அப்பா இப்போது எங்கே உட்காருகிறார், எங்கே படுக்கிறார்? நம் பக்கத்து வீடுகள் எனக்குத் தெரியும். ஓர் அறை, ஒரு சமையல் மூலை. பிள்ளைக்குக் கல்யாணம் ஆனால் அப்பா தெருவுக்கு வந்துவிடுவார். டாஸ்மாக் மதியம் 12 மணிக்குத் திறந்து இரவு 10 வரை இருக்கிறது. 'ஏன் வந்தே' என்று யாரும் கேட்காத இடம் அந்த வயசு ஆணுக்கு வேறு எங்கே இருக்கிறது? பாட்டிலைப் பிடுங்கினோம் சரி, சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை, அந்த நாலு மணி நேரத்துக்கு என்ன கொடுத்தோம்?

வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்களை, ஊர் திரும்பிய பின் லீ ராபின்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஆராய்ந்தார். முதல் வருஷத்தில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். இடமும் ஆட்களும் மாறிவிட்டார்கள். உங்கள் அப்பாவுக்கு அதே தெரு, அதே கூட்டாளிகள், அதே வறுத்த மீன் வாசனை. ஒன்பது வருஷம் அதற்கு நடுவில் நின்றார் என்பதை யாராவது அவரிடம் சொன்னீர்களா?

ஏம்மா, பேரன் எதிரில் கேட்கிற கேள்வியா அது? ஆலன் மார்லாட் என்ற உளவியலாளர் எண்பதுகளிலேயே எழுதிவிட்டார்: முதல் கிளாஸ் ஒரு சறுக்கல், அதை முழுக்குடியாக்குவது 'எல்லாம் போச்சு' என்கிற நினைப்பு. அந்த நினைப்பை நீங்களே அவர் வாயில் ஊட்டியிருக்கிறீர்கள். ஒன்பது வருஷச் சம்பளம் வீட்டுக்கு வந்தது, ஈரல் ஓய்வெடுத்தது, பேரன் குடிக்காத தாத்தாவோடு வளர்ந்தான். இதில் எது வீண்? அவரிடம் போய் அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பேரனும் பக்கத்தில் இருக்கட்டும்.

அப்புறம் அந்த நாலு மணி நேரத்துக்குக் கேரம் மன்றம் ஏதாவது பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். 2024-ல் உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண்தான். ஏஏ கூட்டத்துக்கு அவர் வர மறுத்தாலும், குடும்பத்தாருக்கான அல்-அனானுக்கு நீங்கள் தனியாகப் போகலாம்.

தம்பி மாமியார் வீட்டுக்குச் சொல்ல வேண்டாம். தண்டையார்பேட்டையில் அவர்களுக்கு இந்நேரம் தெரியாமலா இருக்கும்?